பேஸ்மென்ட்டில் ஒரு சந்தேகப் பேர்வழி

ஜனவரியில் கனடாவின் ஸ்காபரோவில் எந்தத் தெருவில் நடந்தாலும் இது கண்ணில் படும்: வீட்டுக்கு வீடு பக்கச் சுவரிலிருந்து இரண்டு வெள்ளைக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒன்று புசுபுசுவென்று வெண்மையாக ஊதும். மற்றது சும்மா இருப்பதுபோல இருக்கும். கையை வைத்துப் பார்த்தால் காற்றை உள்ளே இழுப்பது தெரியும். தெருவில் நிற்பவருக்கு இவ்வளவுதான் காட்சி. மிச்சக் கூத்தெல்லாம் கீழே, பேஸ்மென்ட்டில், படிக்கட்டுக்குப் பின்னால் நிற்கிற ஓர் இரும்புப் பெட்டிக்குள். ஊரே அதை நம்பித்தான் குளிர்காலத்தில் தூங்குகிறது. பில் வருகிற நாளைத் தவிர யாரும் அதை நினைப்பதில்லை. வீட்டைச் சூடாக்குகிற அந்த கேஸ் ஃபர்னஸைப் புதிதாக மாட்டுகிற நாளில், காலை முதல் மாலை வரை கூடவே நின்று வேடிக்கை பார்க்க எனக்கு அனுமதி கிடைத்தது என்றால், குதிக்க மாட்டேனா!

வந்தவர்கள் இருவர், இருவரும் யாழ்ப்பாணத்துக்காரர்கள். பெரியவருக்கு ஐம்பது இருக்கும். அவர் ஜி-2. கூட வந்த பையன் ஜி-3. ஒன்டாரியோவில் கேஸ் வேலையில் கை வைக்க டி.எஸ்.எஸ்.ஏ. என்கிற பாதுகாப்பு அமைப்பின் சான்றிதழ் வேண்டும். ஜி-2 வைத்திருப்பவர் மணிக்கு 4 லட்சம் பிடியு (சூட்டை அளக்கும் பழைய ஆங்கிலேய அலகு) வரையிலான கருவிகளைத் தனியாகக் கையாளலாம். ஜி-3க்குத் தனி ஆவர்த்தனம் கிடையாது, மேற்பார்வையில்தான் வேலை. வீட்டு அம்மாவைப் பெரியவர் "அக்கா" என்கிறார், பையன் "அன்ரி" என்கிறான். அந்த அம்மாவோ இருவரையும் "தம்பி" என்றே கூப்பிடுகிறார். அதனால் ஒவ்வொரு முறையும் இரண்டு தலைகள் திரும்புகின்றன.

வேலை தொடங்குமுன்பே ஒரு வழக்கு. பழைய ஃபர்னஸ் மணிக்கு 1 லட்சம் பிடியு. புதிது 60 ஆயிரம்தான். (கனடா மெட்ரிக்குக்கு மாறி எத்தனையோ வருஷம் ஆகியும் ஃபர்னஸ்காரர்கள் மட்டும் மாற மறுக்கிறார்கள்.) அக்காவுக்கு மனசு ஆறவில்லை.

"என்ன தம்பி, காசு கூடக் குடுத்துச் சின்னனாய் வாங்கிறதோ?"

நியாயமான கேள்விதானே! பெரியவர் சளைக்கவில்லை. முந்தின வாரமே வீட்டின் சுவர், ஜன்னல், மேல்தளத்து இன்சுலேஷன் எல்லாம் அளந்து, எஃப்-280 என்கிற கனடியக் கணக்கு முறையில் போட்டுப் பார்த்துவிட்டார். மைனஸ் 20-ஐ ஒட்டிய ராத்திரியில் இந்த வீடு மணிக்கு எவ்வளவு சூட்டை வெளியே விடுகிறதோ, அதை ஈடுகட்டினால் போதும். அதற்கு மேல் போட்டால் பெட்டி நாலு நிமிஷம் எரியும், அணையும், மறுபடி எரியும், மறுபடி அணையும். இரும்பு சூடேறி ஆறி, சூடேறி ஆறி, ஆயுசு குறையும். கீழே வேர்க்கும், மாடி அறைக்குச் சூடு போய்ச் சேருவதற்குள் அணைந்துவிடும். "பழசு எரிச்சது ஒரு லட்சம் அக்கா. உங்களுக்கு வந்தது அவ்வளவும் இல்லை. மிச்சம் சிம்னியால போனது."

சிம்னி என்றதும் பெரியவர் முகம் மாறியது. அந்தச் செங்கல் சிம்னியில் இதுவரை இரண்டு குடித்தனம்: பழைய ஃபர்னஸ் ஒன்று, சுடுதண்ணீர் டேங்க் இன்னொன்று. புது ஃபர்னஸுக்குச் சிம்னியே வேண்டாம், அது தன் குழாய் வழியாகப் பக்கச் சுவரில் போய்விடும். அப்படியானால் சிம்னியில் தனியாக மாட்டிக்கொள்வது அந்தச் சின்ன டேங்க். ஃபர்னஸின் பெரும்புகை சிம்னியைச் சூடாக வைத்திருந்தவரை டேங்கின் புகையும் கூடவே மேலே ஏறியது. இனி அவ்வளவு பெரிய குளிர்ந்த கூட்டுக்குள் இத்தனூண்டு புகை ஏறப் பார்க்கும். பாதியில் குளிர்ந்து நீர் கோத்துச் செங்கலைத் தின்னும். இழுவை இல்லாத நாளில் புகை திரும்பி வீட்டுக்குள்ளேயே இறங்கும். ஃபர்னஸை ஒழுங்காக மாட்டிவிட்டு, பக்கத்தில் நிற்கிற டேங்கை ஆபத்தாக்கிவிட்டுப் போவது எவ்வளவு சுலபம் பாருங்கள்! அதனால் சிம்னிக்குள் மேலிருந்து கீழ்வரை டேங்குக்கு அளவான அலுமினியக் குழாய் ஒன்று இறங்கியது. அதற்குத் தனிக் காசு. இதைச் சேர்க்காமல் குறைந்த விலை சொல்லி வேலையை வாங்குகிறவர்களும் உண்டாம். "அவையோட போட்டி போடேலாது" என்று பெரியவர் கூரையைப் பார்த்துச் சொன்னார்.

பழைய பெட்டி வெளியேறிய கதையை நீட்ட வேண்டாம். கேஸை மூடி, மின்சாரத்தைத் துண்டித்து, தகரத்தை வெட்டி, இருவருமாக மூச்சுப் பிடித்துப் படியேற்றினார்கள். சுவரில் இடித்த இடத்தில் பெயின்ட் போனது. அக்கா பார்க்கவில்லை.

இனிமேல்தான் எனக்குக் கொண்டாட்டம். புதுப் பெட்டியின் முன்கதவைக் கழற்றினார்கள்!

மேலே வரிசையாகச் சின்னச் சின்ன பர்னர்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு வளைகுழாய் வாய் பிளந்து நிற்கிறது, தீ அதற்குள்தான் பாயும். பக்கத்தில் இன்டியூசர் என்கிற குட்டி விசிறி, புகையை இழுத்து வெளியே தள்ள. அதன் காதிலிருந்து ஒரு மெல்லிய ரப்பர் குழாய் பிரஷர் ஸ்விட்ச்சுக்குப் போகிறது. கீழே வீட்டுக் காற்றைச் சுழற்றும் பெரிய புளோயர். ஓரத்தில் பச்சைப் பலகை ஒன்றும் கண் சிமிட்டும் விளக்கும். கேஸ் வால்வு ஒன்றுதானே என்று நினைத்தேன். ஒரே உடலுக்குள் இரண்டு வால்வுகளாம், ஒன்றன்பின் ஒன்றாக! ஒன்று திறந்தபடி சிக்கிக்கொண்டாலும் மற்றது மூடிவிடும்.

எல்லாவற்றுக்கும் பின்னால், வெளியில் தெரியாமல், இரண்டாவது வெப்பப் பரிமாற்றி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். 95, 96 சதவீதம் என்று லேபிளில் போடுகிறார்களே, அந்த ரகசியம் இங்கேதான். கேஸ் எரிந்தால் சூடு மட்டுமா வருகிறது? தண்ணீரும் பிறக்கிறது. ஒரு கன மீட்டர் கேஸுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர். பழைய ஃபர்னஸில் அது ஆவியாகவே சிம்னியில் போய்விடும், கேஸ் சூட்டில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கையும் தூக்கிக்கொண்டு. புதிய பெட்டி புகையை இரண்டாம் முறையும் பிழிகிறது. 55 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கியதும் ஆவி நீராகிறது, ஒளித்து வைத்திருந்த சூட்டைக் கக்குகிறது. அதன் பிறகு மிஞ்சுகிற புகை பிளாஸ்டிக் குழாயில் போகிற அளவுக்கு அடங்கிவிடுகிறது. தெருவில் நாம் பார்க்கிற வெள்ளைப் புகையில் பெரும்பகுதி இந்த நீராவிதான். கனடாவில் 2009 முடிவில் 90 சதவீதமும், 2019 ஜூலையிலிருந்து 95 சதவீதமும் வீட்டு ஃபர்னஸுக்குக் குறைந்தபட்சத் திறன் என்று ஆகிவிட்டன. ஆக, இன்றைக்குப் புதிதாக மாட்டுகிறவர்கள் எல்லோரும் இந்தத் தண்ணீரோடு குடித்தனம் நடத்தியே ஆகவேண்டும்.

அது சாதுத் தண்ணீரும் இல்லை. பிஎச் 3, 4 என்று அமிலமாக இறங்குகிறது. ஆகவே சுண்ணாம்புக் கல் நிரப்பிய சின்ன டப்பா வழியாக விட்டு, புளிப்பை அடக்கி, தரை வடிகாலுக்கு அனுப்பினார்கள்.

குழாய் வேலையில் பெரியவர் வேறு மனுஷராகிவிட்டார். அதுவரை பேச்சும் சிரிப்புமாக இருந்தவர், குழாயைத் திருப்பித் திருப்பி அதில் அச்சடித்த எழுத்தைப் படிக்க ஆரம்பித்தார். எஸ்-636 என்ற புகைக்குழாய்த் தரக்குறி இருக்கவேண்டும். பார்வைக்குக் குளியலறைப் பிளம்பிங் குழாய் மாதிரியே இருக்கும், ஆனால் அதைப் போடக்கூடாது. குழாய், முட்டி, ப்ரைமர், பசை எல்லாம் ஒரே தயாரிப்பாளரின் ஒரே தொகுப்பாக இருக்கவேண்டும், கலக்கக்கூடாது. பையன் வெட்டின முனையைப் பிசிர் எடுத்து, ப்ரைமர் தடவி, பசை பூசி, செருகி, கால் திருப்பு திருப்பி, அசையாமல் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சரிவு வடிவாப் பாத்தியோ?"

"பாத்தனான் அண்ணை."

பெரியவர் அதை நம்பாமல் தானே லெவலை வைத்தார். ஓர் அடிக்குக் கால் அங்குலம், ஃபர்னஸைப் பார்த்துச் சரியவேண்டும். குழாயில் சேர்கிற நீர் திரும்ப ஓடி வந்து வடியத்தான் இது. நடுவில் தொய்ந்தால் அங்கே தண்ணீர் தேங்கும், புகை அடைபடும், நடுச்சாமத்தில் பெட்டி நின்றுபோகும்.

பிறகு வெளியே போனோம். மூக்கு விறைக்கிற குளிர். சுவரில் எங்கே துளை போடுவது? எனக்கு எங்கே போட்டாலும் ஒன்றுதான். பெரியவருக்கோ அது ஒரு பஞ்சாயத்து. தரையிலிருந்து ஓர் அடி உயரம், அதுவும் பனி குவிகிற மட்டத்துக்கு மேலே. திறக்கிற ஜன்னலிலிருந்து ஓர் அடி. வீட்டுக்குள் காற்றை இழுக்கிற இயந்திரத்தின் வாயிலிருந்து 6 அடி. கேஸ் மீட்டரில் இருக்கிற ரெகுலேட்டரின் மூச்சுத் துளையிலிருந்து 3 அடி. அவருக்குப் பிடித்த இடத்தில் டேப்பை வைத்தார். 2 அடி 8 அங்குலம்.

"நாலு அங்குலம்தானே அண்ணை" என்றான் பையன்.

பெரியவர் பதிலே சொல்லவில்லை. டேப்பைச் சுருட்டிக்கொண்டு அவனையே பார்த்தார். ரெகுலேட்டருக்குள் இருக்கிற ஜவ்வு கிழிந்தால் கேஸ் அந்தத் துளை வழியாகத்தான் வெளியேறும். பக்கத்தில் காற்றை உள்ளிழுக்கும் குழாய் இருந்தால் என்ன ஆகும் என்று பையனே யோசித்து முடித்து, துளைபோடும் கருவியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பக்கம் நகர்ந்தான். அதனால் முட்டி ஒன்று கூடியது, குழாய் நீண்டது. முட்டியையும் இத்தனை அடிக் குழாய்க்குச் சமம் என்று கணக்கில் சேர்க்கவேண்டுமாம். உள்ளே வந்து தயாரிப்பாளரின் அட்டவணையில் விரலை வைத்து, நீளம் எல்லைக்குள் இருக்கிறது என்று பார்த்த பிறகுதான் செங்கல் தூள் பறந்தது.

கேஸ் இணைப்பு. நம்மூர்க்காரர்களுக்கு கேஸ் என்றால் சிவப்பு சிலிண்டர். அது காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையோடு தவழும். இங்கே குழாயில் வருவது இயற்கை எரிவாயு, காற்றைவிட லேசு, கசிந்தால் மேலே ஏறும். வீட்டுக்குள் அது வருகிற அழுத்தம் எவ்வளவு தெரியுமா? 7 அங்குலத் தண்ணீரைத் தூக்கினால் சரி. இளநீரில் ஸ்ட்ராவை விட்டுக் குழந்தை ஊதுகிற ஊதல் அதற்குப் போதும்! இதையா இத்தனை கட்டுப்பாட்டோடு கையாள்கிறார்கள் என்று தோன்றும். பர்னருக்குப் போகும்போது வால்வு அதிலும் பாதியாக, 3.5 அங்குலமாகக் குறைக்கிறது. குழாய் ஃபர்னஸுக்குள் திரும்புகிற இடத்தில் கீழ்நோக்கி ஒரு சிறு துண்டு, முனை மூடியபடி தொங்கியது. மறந்துவிட்டார்களோ என்று பதறினேன். கேஸோடு வருகிற தூசும் துருவும் வால்வுக்குப் போகாமல் விழுந்து தங்க வேண்டுமென்றே வைத்த பள்ளமாம்.

இணைப்புகளில் சோப்பு நுரையைத் தடவி, டார்ச் அடித்து, குமிழி கிளம்புகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். "மூக்கை நம்பக்கூடாதோ?" என்று கேட்டேன். இயற்கை எரிவாயுவுக்கு வாசனையே கிடையாது. நமக்கு வருகிற அழுகல் நாற்றம் சேர்த்தது. 1937 மார்ச்சில் டெக்சஸ் மாநிலம் நியூ லண்டன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கசிந்த கேஸ் யாருக்கும் தெரியாமல் தேங்கி வெடித்து, ஏறத்தாழ 300 மாணவர்களும் ஆசிரியர்களும் இறந்தார்கள். அதற்குப் பின்புதான் நாற்றம் சேர்ப்பது சட்டமாகப் பரவியது. "மூக்கு கெதியாப் பழகிப்போடும். நுரை பழகாது" என்றார் பெரியவர்.

இன்னும் தீ வைக்கவில்லை. ஒரு குவளைத் தண்ணீரைக் கொண்டுவந்து வடிகால் வளைவுக்குள் ஊற்றினார்கள். அந்த வளைவு காய்ந்து கிடந்தால் முதல் ஓட்டத்தில் வடிகால் வழியே காற்றும் புகையும் தவறான திசையில் போக இடமுண்டு. ஒரு குவளைத் தண்ணீர், அரை நிமிஷ வேலை. கையேட்டைப் படிக்காதவர்கள் மறப்பது இதைத்தானாம்.

கதவை மூடினார்கள். பையன் மாடிக்கு ஓடித் தெர்மோஸ்டாட்டை ஏற்றினான். 24 வோல்ட் சைகை கீழே வந்தது. நான் தீக்காகக் கண்ணாடித் துவாரத்தில் கண்ணைப் பதித்துக்கொண்டு நின்றால், பெட்டி விசாரணையை ஆரம்பிக்கிறது!

முதலில், பிரஷர் ஸ்விட்ச் திறந்திருக்கிறதா? விசிறியே இன்னும் சுற்றவில்லை. இப்போதே அது மூடிக் கிடந்தால் ஸ்விட்ச் ஒட்டிக்கொண்டிருக்கிறது, இல்லையென்றால் யாரோ கை வைத்திருக்கிறார்கள். திறந்திருந்தது. சரி, இன்டியூசர் ஓடட்டும். வூம்ம்ம். இழுவை உண்டா? ஸ்விட்ச் 'டிக்' என்று மூடியது. அப்போதும் திருப்தியில்லை. உள்ளே பழைய கேஸ் ஏதாவது தங்கியிருந்தால்? சில விநாடிகள் வெறுமனே காற்றை ஓட்டித் துடைத்தது. பிறகு இக்னைட்டர், பென்சில் துண்டளவு குச்சி, மங்கலாகச் சிவந்து, ஆரஞ்சாகி, வெளுத்து ஜொலித்தது. அப்புறம்தான் வால்வு.

டப்! நீலம்! ஒரு பர்னரில் பிடித்தது, அடுத்ததற்குத் தாவியது, அடுத்தது, அடுத்தது! நான் கைதட்டிவிட்டேன். பையனும் மாடியிலிருந்து விசில் அடித்தான். பெரியவர் இருவரையும் முறைத்தார்.

ஆனால் பெட்டி இன்னும் நம்பவில்லை. தீ பிடித்ததா என்று அதற்குச் சாட்சி வேண்டும். கடைசி பர்னரின் தீக்குள் ஒரு மெல்லிய கம்பி நீட்டிக்கொண்டிருக்கிறது. தீ மின்சாரத்தைக் கடத்தும், அதிலும் ஒரு திசையில்தான் நன்றாகக் கடத்தும். பலகை மாறு மின்னோட்டத்தை அனுப்புகிறது. தீ வழியாகப் போனால் அது நேர் மின்னோட்டமாகத் திரும்புகிறது. அளவு வெறும் சில மைக்ரோ ஆம்பியர். கம்பி எங்காவது இரும்பில் உரசிக்கொண்டிருந்தால் மாறு மின்னோட்டமே திரும்பி வரும், பெட்டி ஏமாறாது. சாட்சி சில விநாடிக்குள் வராவிட்டால் கேஸ் மூடிக்கொள்ளும். ஓரிரு முறை மறுபடி முயலும். அப்புறம் பூட்டிக்கொண்டு, விளக்கைச் சிமிட்டிக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கும். எத்தனை சிமிட்டலுக்கு என்ன அர்த்தம் என்று கதவின் உட்புறத்திலேயே ஒட்டியிருக்கிறது. எனக்கு இந்தப் பெட்டியைப் பிடித்தே போய்விட்டது.

அரை நிமிஷம் பொறுத்துப் பெரிய புளோயர் எழுந்தது. மாடியிலிருந்து அக்கா, "சூடு வருது, சூடு வருது" என்றார். வேலை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

பெரியவர் ஓடிக்கொண்டிருந்த ஃபர்னஸின் ரப்பர் குழாயைப் பிடுங்கினார்! தீ அந்த நொடியே செத்தது. மாட்டினார், மறுபடி விசாரணை, மறுபடி தீ. பையனை வெளியே அனுப்பிப் புகைக்குழாயை அடைக்கச் சொன்னார். கொஞ்ச நேரத்தில் பெட்டி நின்றுபோய் விளக்கைச் சிமிட்டியது. பனி குவிந்து மூடினாலும் இதேதான் நடக்குமாம். நடு ராத்திரியில் யாராவது "ஹீட் வரேல்லை" என்று போன் போட்டால் அவர் கேட்கிற முதல் கேள்வி, "வெளியில பைப்பைப் பாத்தனீங்களோ?" ஒரு வீட்டில் பிரஷர் ஸ்விட்ச்சின் இரண்டு முனைகளையும் சின்ன வயர் துண்டால் இணைத்து வைத்திருந்ததை அவர் கண்டிருக்கிறார். நின்று நின்று போகிறது என்று யாரோ செய்த 'ரிப்பேர்'. அதைச் சொல்லும்போது குரலில் கோபம் ஏறியது. அடைத்த குழாயோடு எரிகிற ஃபர்னஸ் கார்பன் மோனாக்சைடு தொழிற்சாலையாகிவிடும். அதற்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது.

ஒன்டாரியோவில் இந்த ஆபத்து வெறும் பேச்சு இல்லை. 2008 டிசம்பரில் உட்ஸ்டாக் ஊரில் கேஸ் ஃபயர்பிளேஸின் புகைப்போக்கி அடைபட்டு, பெண் போலீஸ் அதிகாரி ஒருவரும் கணவரும் இரண்டு பிள்ளைகளும் இறந்துபோனார்கள். அந்த வீட்டில் மோனாக்சைடு அலாரம் இல்லை. அவர்கள் குடும்பப் பெயரையே தாங்கி 2013-ல் ஹாக்கின்ஸ்-கிக்னாக் சட்டம் வந்தது; மறு ஆண்டிலிருந்து கேஸ் கருவியுள்ள வீடுகளில் படுக்கையறைக்குப் பக்கத்தில் அலாரம் கட்டாயம். பெரியவர் மாடிக்குப் போய் அக்கா வீட்டு அலாரத்தின் தேதியைப் பார்த்தார். காலாவதி. பையில் புதிது வைத்திருந்தார்.

பிறகு எண்கள். வால்வின் பக்கத்தில் அழுத்தமானியைச் செருகி 3.5 வருகிறதா என்று பார்த்தார். ஒரு திருகைத் துளித் துளியாகத் திருப்பினார். டக்ட்டில் பொடித் துளைகள் போட்டு, உள்ளே போகிற காற்றுக்கும் வெளியே வருகிற காற்றுக்கும் சூட்டு வித்தியாசத்தை எடுத்தார். அது பெட்டியின் தகட்டில் எழுதிய வரம்புக்குள் இருக்கவேண்டும். மீறினால் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். பையன் வெளியே மீட்டர் முன்னால் நின்று, முள் ஒரு சுற்றுச் சுற்ற எத்தனை விநாடி என்று போனில் நேரம் பிடித்தான். அதை வைத்துப் பெட்டி உண்மையிலேயே 60 ஆயிரம்தான் எரிக்கிறதா என்று கணக்குப் பார்த்தார்கள். புகைக்குள் ஒரு கருவியின் மூக்கை நுழைத்து மோனாக்சைடு அளவும் எடுத்தார்கள். எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு, ஃபர்னஸின் வயிற்றிலேயே ஒட்டினார் பெரியவர். அடுத்து வருகிற டெக்னீஷியன் அதைப் பார்த்துத்தான் எது மாறியிருக்கிறது என்று கண்டுபிடிப்பார்.

கருவிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது அக்கா 40 ராத்தல் அரிசி மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தார். "இப்ப இதை வைக்கலாம்தானே தம்பி? உதுக்குப் பக்கத்தில இருந்தா ஈரம் பிடிக்காது."

இரண்டு தலைகள் திரும்பின. "முன்னுக்கு வைக்கேலாது அக்கா. எனக்கு முட்டுக்காலில இருக்க இடம் வேணும். அந்த பெயின்ட் டின், தின்னர் போத்தல், ப்ளீச் எல்லாத்தையும் இந்த அறையால எடுத்துப்போடுங்கோ. ஃபில்டரை மாசத்துக்கு ஒருக்காப் பாருங்கோ, கறுத்தா மாத்துங்கோ. பனி கொட்டினா வெளியில பைப்பைச் சுத்தி வழியுங்கோ."

அக்கா மூட்டையில் கையை ஊன்றிக்கொண்டு புதுப் பெட்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"பழசு இப்பிடி ஒண்டும் கேக்கேல்லையே தம்பி. அது தன்ர பாட்டில கிடந்தது."

"அதுக்குத்தான் மாத்தினதக்கா" என்று சொல்லிவிட்டு, பெரியவர் பையனிடம் ஏணியைத் தூக்கச் சொன்னார். மார்க்கம் நகரில் இன்னொரு வீடு இருந்தது, அங்கே ஹீட் இல்லை.